சங்கத்துச் சரக்கு வண்டியும் பின்வில் பட்டைகளும்

நமது கூட்டுறவுச் சங்கங்களில் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருப்பவை பல. 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வந்தது. மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டார்கள். 2011இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. இவற்றினும் சற்றுப் பெரிய வண்டிகளும் இன்று கிராமச் சாலைகளில் ஓடுகின்றன. முன்னர் மாட்டுவண்டியும் வாடகை லாரியும் செய்துவந்த வேலையை இவ்வண்டிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. நெசவாளர் சங்கத்தில் நூலைக் கொண்டுவருவதும் துணியைக் கொண்டுசெல்வதும், விளைபொருள் சங்கத்தில் மூட்டைகளையும் காய்கறிப் பெட்டிகளையும் சந்தை சேர்ப்பதும் இவற்றால்தான் நடைபெறுகின்றன.

சங்கங்களின் கணக்குகளை ஆய்வு செய்யும்போது வண்டிச் செலவு என்ற தலைப்பைத் தனியே பார்ப்பது நமது வழக்கம். டீசலுக்கும் டயருக்கும் காப்பீட்டுக்கும் ஒழுங்கான கணக்கு இருக்கும். ‘பட்டை வேலை’ என்ற பெயரில் மட்டும் சிறு சிறு செலவுச் சீட்டுகள் ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும். ஒருமுறை பட்டை தட்டியது, மறுமுறை ஒரு பட்டை சேர்த்தது, பின்னொருமுறை சென்டர் போல்ட் மாற்றியது என்று அவை நீளும். தனித்தனியே பார்த்தால் அற்பத் தொகைகள். நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படாமலே தீர்ந்துவிடுபவை. ஆனால் இத்தனையும் செலவழித்த பின்னரும் அவ்வண்டி பின்புறம் தாழ்ந்தே நிற்பதையும், வளைவில் தடுமாறுவதையும் நாம் நேரில் கண்டிருக்கிறோம். அதன்மேல் நமது ஓட்டுநரும் சுமைதூக்கும் தொழிலாளரும் நாள்தோறும் பயணம் செய்கிறார்கள். ஆகவே பின்வில் பட்டைகள் என்ன செய்கின்றன, எப்போது மாற்றப்பட வேண்டும், எப்படி மாற்றப்பட வேண்டும் என்பதைச் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் அறிந்திருத்தல் அவசியமாகிறது. மெக்கானிக்குக்குத் தெரியும் என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அன்று இது.

வில் என்பது நமக்குப் புதிய பொருளல்ல. மிராசுதார்கள் ஏறிச் சென்ற வண்டியை வில்வண்டி என்றே அழைத்தோம். பார வண்டியில் அச்சின்மேல் நேராகத் தொட்டி அமர்ந்திருக்கும். கல் இடறினால் அடி முதுகெலும்பு வரை ஏறும். வில்வண்டியில் அச்சுக்கும் தொட்டிக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள் இருந்தன. சக்கரம் மேட்டில் ஏறும்போது பட்டை வளைந்து அந்த அடியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பிறகு மெல்லத் திருப்பித் தரும். எவ்வளவு சுமையோ அவ்வளவு வளைவு, இரட்டிப்புச் சுமைக்கு இரட்டிப்பு வளைவு என்ற இவ்விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678இல் வெளியிட்டார். நமது பிக்கப் வண்டியின் பின்புறம் இருப்பதும் அந்த வில்லே. நீளமான ஒரு பட்டை. அதன் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண்போல் இருக்கும். பட்டறையில் இதனை மெயின் பிளேட் என்பார்கள். அதன் கீழே படிப்படியாக நீளம் குறைந்த பட்டைகள் அடுக்கப்பட்டு, நடுவில் சென்டர் போல்ட் என்ற ஒரே ஆணியால் கோக்கப்பட்டிருக்கும். இந்த அடுக்கை அச்சோடு சேர்த்துக் கட்டுபவை பக்கத்துக்கு இரண்டு யு-போல்ட்டுகள். பல வண்டிகளில் இவற்றோடு தடித்த துணைப்பட்டைகளும் உண்டு. காலியாக ஓடும்போது அவை வேலை செய்யா, சுமை ஏறி வில் ஓரளவு தாழ்ந்த பின்னரே முட்டிக்கொண்டு தோள் கொடுக்கும்.

இங்கே பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. மோட்டார் காரில் பெரும்பாலும் காணப்படும் சுருள்வில் சுமையை மட்டுமே தாங்கும். சக்கரத்தை அதனிடத்தில் பிடித்து நிறுத்தத் தனிக் கைகள் இருக்கும். பட்டை வில் அப்படியன்று. சுமையையும் அதுவே தாங்குகிறது. பின் அச்சு முன்னும் பின்னும் நகராமல், இடமும் வலமும் விலகாமல் பிடித்துவைப்பதும் அதுவே. முன்கண் வண்டியின் சேஸிஸில் நேராக மாட்டப்பட்டிருக்கிறது. பின்கண் ஷேக்கிள் என்னும் ஊஞ்சல் போன்ற தொங்கலில் மாட்டப்பட்டிருக்கிறது. சுமையில் வில் நிமிர்ந்து நீளும்போது அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே பட்டையில் நேரும் கேடு வண்டியைத் தாழ்த்துவதோடு நில்லாது. வண்டி போகும் திசையையே கெடுத்துவிடும்.

பழைய பட்டை இளகிவிட்டது, மெலிந்துவிட்டது என்று சொல்வதுண்டு. இச்சொல் பாதிதான் உண்மை. எஃகின் விறைப்பு வயதினால் ஏறக்குறைய மாறுவதே இல்லை. பத்தாண்டு ஓடிய பட்டையும் 100 கிலோவுக்கு எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவே இன்றும் தாழும். இழந்துபோவது அதன் வளைவு. ஓயாத மிகுசுமையால் பட்டை நிலையாகவே நிமிர்ந்துவிடுகிறது. சுமையில்லாத நிலையிலேயே இரண்டு அங்குலம் தாழ்ந்துவிட்ட வில்லுக்கு, மேற்கொண்டு தாழ்வதற்கு இடம் குறைகிறது. பள்ளத்தில் இறங்கியதும் அச்சு முட்டு ரப்பரில் போய் மோதுகிறது. அந்தக் கணத்தில் வண்டிக்கு வில்லே இல்லை, அது மறுபடியும் பழைய பார வண்டியாகிவிடுகிறது. தக்காளிப் பெட்டியின் அடி வரிசை நசுங்குவதும், சேஸிஸில் விரிசல் காண்பதும் இதனால்தான். துருவும் தன் பங்குக்குப் பட்டையை அரித்துக் கனத்தைக் குறைக்கிறது. வளைந்து வளைந்து நிமிரும் எஃகில் களைப்பும் சேர்கிறது. சென்டர் போல்ட்டின் துளை, பட்டையின் விளிம்பு, உளி பட்ட வடு ஆகிய இடங்களில் மயிரிழை போன்ற விரிசல் தொடங்கி, ஒருநாள் சட்டென்று முறிகிறது.

இவற்றைக் கண்டறியப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஓர் அளவு நாடாவும், நெசவுக் கூடத்தில் கிடைக்கும் உறுதியான கயிறும், தூக்குக் குண்டும் போதும். வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்த வேண்டும். டயர்களில் உரிய காற்று இருக்க வேண்டும். பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே தொட்டியின் விளிம்பு வரை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்க. இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்குமாயின் ஒருபக்க வில்லில் குறை இருக்கிறதெனக் கொண்டு ஆராய வேண்டும். அடுத்து, முன்சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை உள்ள தூரத்தை இருபுறமும் அளக்க வேண்டும். தூக்குக் குண்டால் புள்ளிகளைத் தரையில் இறக்கிக்கொண்டு கயிறு பிடித்தால் பிசகாது. இவ்விரு தூரங்களும் சமமாயிருத்தல் வேண்டும். சமமில்லையேல் அச்சு கோணியிருக்கிறது. பின்பு குனிந்து பட்டைகளைப் பார்க்க வேண்டும். பட்டைகளுக்கு நடுவே அச்சின்மேல் செந்நிறத் துருப்பொடி புதிதாகக் கசிந்திருந்தால் யு-போல்ட் தளர்ந்து பட்டைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன என்று பொருள். ஒரு பட்டை மட்டும் வரிசையிலிருந்து விலகி நின்றால் சென்டர் போல்ட் முறிந்திருக்கலாம். கண்களில் உள்ள ரப்பர் புஷ் பிதுங்கியிருக்கிறதா, முட்டு ரப்பரில் அடிபட்ட தடம் இருக்கிறதா என்பவற்றையும் பார்த்துவிட வேண்டும். இத்தனைக்கும் அரைமணி நேரம் ஆகாது.

இந்த அரைமணி நேரத்தைச் செலவிடாததால் நேர்ந்த ஓர் அநியாயத்தை இங்கே குறிப்பிடுதல் தகும். ஒரு சங்கத்தின் கணக்கை ஆய்வு செய்கையில், ஓட்டுநரின் சம்பளத்திலிருந்து மாதத் தவணையாக ஒரு தொகை பிடிக்கப்பட்டு வருவதைக் கண்டோம். காரணம் கேட்டபோது, அவர் கவனமின்றி ஓட்டி இரண்டு டயர்களை அகாலத்தில் தேய்த்துவிட்டார் என்றும், விலையில் பாதியை அவரிடம் வசூலிக்கத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது என்றும் சொன்னார்கள். வண்டியின் தினசரிக் குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னோம். ‘வண்டி ஒருபக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தால்தான் நேரே போகிறது’ என்று அந்த ஓட்டுநர் ஐந்து மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தார், பின்னர் இருமுறை அதனையே எழுதியிருந்தார். கீழே எவருடைய கையெழுத்தும் இல்லை. வண்டியை முற்றத்தில் நிறுத்தி மேலே சொன்னவாறு அளந்தோம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. ஒருபுறத்து யு-போல்ட் தளர்ந்து, சென்டர் போல்ட் அறுந்து, அச்சு பின்னுக்கு நகர்ந்திருந்தது. பின்சக்கரங்கள் ஒரு திசையிலும் முன்சக்கரங்கள் ஒரு திசையிலும் போக முயலும் வண்டி நண்டுபோல் சாய்ந்தே நடக்கும். டயர்கள் உருளுவதோடு தரையில் தேய்த்துக்கொண்டும் போகும். டயரைத் தேய்த்தது ஓட்டுநரல்லர். பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுக்குமாறு அறிக்கையில் எழுதினோம். அடுத்த கூட்டத்திலேயே குழுவினர் அதனைத் திருப்பிக் கொடுத்தார்கள். தமது தீர்மானத்தைத் தாமே மாற்றிய அக்குழுவினரைப் பாராட்டவே வேண்டும்.

இனி, தாழ்ந்துவிட்ட வில்லுக்குப் பட்டறைகளில் சொல்லப்படும் குறுக்கு வைத்தியங்களைப் பார்ப்போம். முதலாவது, பட்டையைச் சூடேற்றி வளைவு ஏற்றுவது. வில்லெஃகு என்பது உரிய பக்குவத்தில் காய்ச்சி, தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்திய பொருள். அந்தப் பக்குவமே அதன் உயிர். காஸ் விளக்கால் ஓரிடத்தில் செந்நிறமாகச் சூடேற்றினால் அவ்விடத்தில் அந்தப் பக்குவம் அழிகிறது. வளைவு கண்ணுக்கு அழகாகத் தெரியும். நான்கு நடை மூட்டை ஏற்றியதும் பழையபடி நிமிர்ந்துவிடும், அல்லது சூடுபட்ட இடத்திலேயே முறியும். முறிந்த பட்டையை வெல்டிங் செய்வதற்கும் இதே கதிதான். சூடேற்றாமல் குளிர்நிலையில் தட்டி வளைப்பது அவ்வளவு கொடியதன்று எனினும், களைத்துப்போன எஃகுக்கு அது புத்துயிர் தருவதில்லை. சில மாதங்களில் பட்டை மீண்டும் தாழ்ந்துவிடும். நாம் கண்ட செலவுச் சீட்டுகளில் பாதிக்குமேல் இந்தத் தட்டும் வேலைக்கே கொடுக்கப்பட்டவை.

இரண்டாவது வைத்தியம் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது. இது சங்கங்களில் மிகவும் விரும்பப்படுகிறது. ஏனெனில் வண்டி உடனே உயர்ந்து நிற்கிறது, செலவும் சொற்பம். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரே கனமும் அகலமும் உள்ள ஐந்து பட்டைகள் கொண்ட வில்லில் அதே கனத்தில் ஆறாவது ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. பட்டறைக்காரர் கையில் கிடைத்த தடித்த பட்டையைப் போட்டுவிடுவார். பட்டையின் விறைப்பு அதன் கனத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் ஏறுவதன்று, கனத்தின் மும்மடியாக ஏறுவது. 8 மில்லிமீட்டர் பட்டை இருந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் பட்டையைப் போட்டால், கண்ணுக்குச் சிறிதே தடிப்பாகத் தெரியும் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இருமடங்காகும். அதுமட்டுமன்று; ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டையின் மேற்பரப்பில் உண்டாகும் இழுவிசையும் மெல்லிய பட்டையினும் மிகுதி. ஆகவே சேர்த்த பட்டையே முதலில் முறிவதைப் பார்க்கிறோம்.

விறைத்த வில்லின் தீமை காலியாகத் திரும்பும்போது வெளிப்படும். சுமை இறக்கிய வண்டியின் பின்பாகம் எடையற்றது. அதன்கீழ் விறைத்த வில் இருந்தால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் பிடித்துப் பயனில்லை. வளைவில் வண்டி வெளிப்புறமாகச் சாயும்போது, முன்வில்லினும் பின்வில் மிகவும் விறைப்பாயிருந்தால் அந்தச் சாய்வின் பாரத்தில் பெரும்பங்கைப் பின்சக்கரங்களே ஏற்கின்றன. உட்புறச் சக்கரம் இலேசாகி, பின்பாகம் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்க்கும். மழை பெய்த சாலையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டை சேர்ப்பதால் அச்சின் வலிமையோ, சக்கர பேரிங்கின் வலிமையோ, பிரேக்கின் வலிமையோ இம்மியளவும் கூடுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வண்டி சாயாமல் நிற்கிறது என்ற தைரியத்தில் இன்னும் நான்கு மூட்டை ஏறும், அதுவே நடப்பது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது என்பதும் குழுவினர் அறிய வேண்டியது.

வண்டி எவ்வளவு ஏற்கும் என்பது பதிவுச் சான்றிலேயே இருக்கிறது. மொத்த எடை ஒரு வரியிலும் காலி எடை ஒரு வரியிலும் குறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, மொத்த எடை 2,900 கிலோ, காலி எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 1,300. காலி எடையில் ஓட்டுநரின் எடை சேராது. ஓட்டுநரும் இரண்டு தொழிலாளரும் ஏறினால் சுமார் 200 கிலோ கழியும். சரக்குக்கு எஞ்சுவது 1,100 கிலோ. 400 பவுண்டு என்ற பழைய அளவில் கட்டிய நூல் பேல் 181 கிலோ எடையுள்ளது. ஆறு பேல் ஏற்றினால் 1,086 கிலோ, கணக்கு சரி. ஏழாவது பேல் இடம் இருக்கிறது என்பதற்காக ஏறுகிறது. ஏற்றத் தகுதி இருப்பதாலன்று. விளைபொருள் சங்கங்களில் மூட்டையை எண்ணித்தான் ஏற்றுகிறார்கள், நிறுத்து ஏற்றுவதில்லை. மழைக்காலத்துக் காய்கறி மூட்டையும் கோடைக்காலத்து மூட்டையும் ஒரே எடையல்ல. மிகுசுமைக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சட்டம் விதிக்கும் தண்டம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாயும் ஆகும். மிகைச் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான்.

ஆக, வில் தாழ்ந்திருந்தால் செய்யத் தக்கது ஒன்றே. தயாரிப்பாளர் குறித்த அதே வகை வில்லை முழு அடுக்காக வாங்கி இருபுறமும் ஒருசேர மாற்றுவது. ஒருபுறம் மட்டும் மாற்றினால் புதிய வில் உயர்ந்தும் பழைய வில் தாழ்ந்தும் வண்டி கோணி நிற்கும். வில்லோடு கண்களின் புஷ்களும், ஷேக்கிளின் ஆணிகளும், யு-போல்ட்டுகளும், அவற்றின் நட்டுகளும் புதியவையாகவே வாங்கப்பட வேண்டும். ஒருமுறை முறுக்கப்பட்ட யு-போல்ட் நீண்டுபோயிருக்கும். அதனை மறுபடி முறுக்கினால் உரிய பிடி கிட்டாது. விலைப்புள்ளி கோரும்போது ‘பட்டை செட் இரண்டு’ என்று மட்டும் எழுதுவது போதாது. வண்டியின் மாதிரி, சேஸிஸ் எண், பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், ஒவ்வொன்றின் கனம், உதிரிப்பாக எண் ஆகியவற்றை எழுதிக் கேட்டால்தான் வரும் விலைகளை ஒப்பிட முடியும். அப்படி எழுதாத இடத்தில் மிகக் குறைந்த விலை என்பது மிக மெல்லிய பட்டையின் விலையாக முடியும்.

மாற்றும் வேலையைப் பட்டறையில்தான் செய்விக்கப்போகிறோம் எனினும், அருகில் நிற்கும் செயலாளருக்கு அதன் முறை தெரிந்திருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும். வண்டி கெட்டியான சமதரையில் நிற்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். பின்பாகத்தைத் தூக்கிய பிறகு சேஸிஸின்கீழ் உறுதியான தாங்கிகளை நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் புகக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு ஏற்பட்டதேயன்றித் தாங்கிக்கொண்டிருப்பதற்கு ஏற்பட்டதன்று. இவ்விஷயத்தில் பட்டறையில் எவ்வளவு அவசரம் காட்டினாலும் சங்கத்தார் இணங்கலாகாது. பின் அச்சின்கீழ் வேறொரு ஜாக்கியை வைத்து அதன் எடையை ஏந்திக்கொண்ட பின்னரே யு-போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். ஷாக் அப்சார்பரின் கீழ்முனையை முன்னதாக விடுவித்துவிட வேண்டும். அச்சு இறங்கும்போது பிரேக் ஹோஸும் கைப்பிரேக் கேபிளும் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இருபுற வில்லையும் கழற்றுவது அறியாமை. ஒருபுறம் முடிந்த பின்னரே மறுபுறம். அப்போதுதான் மறுபுற வில் அச்சை இடம்பெயராமல் பிடித்திருக்கும்.

புதிய வில்லை ஏற்றுமுன் அதன் முன்பாதியும் பின்பாதியும் ஒரே நீளமா என்று பார்க்க வேண்டும். பல வில்களில் சென்டர் போல்ட் சரியாக நடுவில் இராது. திருப்பி மாட்டினால் அச்சே முன்பின்னாக இடம் மாறிவிடும். சென்டர் போல்ட்டின் தலை அச்சின் பீடத்திலுள்ள குழியில் பொருந்தி அமர வேண்டும். அச்சை அதன் இடத்தில் நிறுத்துவது அந்தச் சிறு தலைதான். ஆனால் பாரத்தை ஏற்று இறுக்கிப் பிடிப்பது யு-போல்ட்டுகளின் முறுக்கு. முறுக்குத் தளர்ந்தால் முழு இழுப்பும் அந்த ஒற்றை ஆணியின் தலையில் விழுகிறது, அது அறுகிறது. ஆகவே நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்சு கொண்டு தயாரிப்பாளர் கையேட்டில் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். கைப்பலத்தை நம்பும் மெக்கானிக்குகள் உண்டு. கையின் மதிப்பீடு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

இன்னொரு நுட்பம் உண்டு. பெரும்பாலான பட்டறைகளில் இது தவறவிடப்படுகிறது. ரப்பர் புஷ் உள்ள கண்களின் ஆணிகளை, வண்டி தூக்கிய நிலையில் கடைசி முறுக்கு முறுக்கலாகாது. அப்போது வில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியை இறக்கி, சக்கரங்கள்மேல் அதன் முழு எடையும் நின்ற பிறகே அவற்றை இறுதியாக முறுக்க வேண்டும். சத்தம் வராமலிருக்க ரப்பர் புஷ்ஷில் கிரீஸ் பூசும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கிரீஸ் முளை வைத்த ஷேக்கிள் ஆணிகளுக்கோ அது தவறாமல் வேண்டும்.

வில் புதிதானவுடன் வண்டியின் நடத்தை முழுவதும் சீராகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஷாக் அப்சார்பரை மறந்துவிடுகிறார்கள். வில் அடியை வாங்கி வைத்துக்கொள்ளுமே தவிர அதனை ஒழிக்காது. திருப்பித் தந்தே தீரும். பட்டைகளின் உராய்வு அதில் கொஞ்சத்தை விழுங்கும். மீதியை வெப்பமாக்கிக் கரைப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. எண்ணெய் கசிந்து அது செத்துப்போயிருந்தால், ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி மூன்று நான்கு முறை ஆடிய பிறகே அடங்கும். வில் மாற்றும்போதே இதனையும் சோதித்து, குறையிருப்பின் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது சிக்கனம். கழற்றும் கூலி ஒன்றே. சில பிக்கப் வண்டிகளில் பின் அச்சின் உயரத்தைக்கொண்டு பாரத்தை உணர்ந்து பின்பிரேக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். புதிய வில் வண்டியை உயர்த்தியதும் அந்த வால்வுக்கு வண்டி காலியாயிருப்பதாகத் தோன்றும். சுமை இருக்கும்போதும் பின்பிரேக்கை அது குறைத்துக் கொடுக்கும். ஆகவே வில் மாற்றிய பின் அதனைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே விடக்கூடாது. முகவிளக்கின் கோணத்தையும் பார்த்துவிட வேண்டும். பின்புறம் தாழ்ந்திருந்த காலத்தில், எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க விளக்கைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். இப்போது அது தரையை மட்டுமே காட்டும்.

சுமை வைக்கும் இடத்தால் உண்டாகும் வேறுபாடும் சிறிதன்று. பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் பாரம் ஏற்றக்கோல்போல் முன்பாகத்தைத் தூக்கும். அச்சுகளுக்கு இடையே 250 சென்டிமீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 50 சென்டிமீட்டர் பின்னால் ஒரு நூல் பேலை வைத்தால், முன்சக்கரங்களிலிருந்து 36 கிலோ குறைந்து பின் அச்சின்மேல் 217 கிலோ ஏறும். 181 கிலோ பேல் வில்லுக்கு 217 கிலோவாகத் தெரிகிறது. ஸ்டியரிங்கோ காற்றில் மிதப்பதுபோல் இலேசாகிறது. ஆகவே கனமானவற்றை ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி முதலில் அடுக்க வேண்டும். துணி ஏற்றும் நெசவாளர் சங்கங்களுக்கு வேறொரு கவனம் தேவை. துணிக் கட்டு எடையில் குறைவு, உயரத்தில் மிகுதி. எடை அனுமதிக்குள் இருக்கிறது என்று ஆளுயரம் அடுக்கினால் வளைவில் வண்டி சாயும் சாய்வை எந்தப் புதிய வில்லாலும் தடுக்க முடியாது. அந்த அடுக்கின்மேல் ஆட்களை உட்காரவைத்து அனுப்புவது இன்னமும் பல இடங்களில் நடக்கிறது. அதனைச் சங்கத் தலைவர்கள் எழுத்துமூலம் தடை செய்ய வேண்டும். வாய்ச்சொல் சந்தை நாளில் நிற்பதில்லை.

வேலை முடிந்த வண்டியை முதலில் காலியாகவும், பிறகு அனுமதித்த சுமையில் பாதியோடும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்பு அளந்த நான்கு அளவுகளையும் மறுபடி அளந்து குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி, ஓட்டுநரும் செயலாளரும் கையெழுத்திட வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு-போல்ட்டுகளை மீண்டும் அளவுக்கு முறுக்குதல் அவசியம்; புதிய பட்டைகளின் பூச்சும் இடைவெளிகளும் அமர்ந்து பிடி சற்றுத் தளர்ந்திருக்கும். பட்டறைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்த மறுமுறுக்கு முடியும்வரை நிறுத்திவைத்தால் வண்டியைத் திரும்பக் கொண்டுவருமாறு பட்டறைக்காரரே நினைவூட்டுவார். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே அளவுகளை எடுத்து எழுதிவந்தால், வில் தாழத் தொடங்கும் நாளைக் குறிப்பேடே சொல்லும்.

கடைசியாக, கழற்றிய பழைய பட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை சங்கத்தின் சொத்து. பட்டறையிலேயே விட்டுவந்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்குக் கிராமத்தில் உள்ள மதிப்பை நாமறிவோம். நல்ல எஃகாதலால் கொல்லர்கள் அதனை விரும்பி வாங்குகிறார்கள். கொல்லர் அதனைக் காய்ச்சி அடித்து மறுபடி தோய்த்துப் பதப்படுத்திக்கொள்வதால் அவருக்கு அது உதவும். நமது வண்டிக்கு இனி உதவாது. இரண்டு அடுக்கையும் எடை போட்டுக் கழிவுப் பொருள் பதிவேட்டில் ஏற்றி, அடுத்த ஏலத்தில் விற்று, வரும் தொகையை வண்டிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.